தையலுக்கு விட்ட துணி

வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள்.
லைனிங் வாங்கப் போனால்
இந்த நாலையும் ஒரே கட்டாகத் தரமாட்டான்
மன்னார்குடிக் கடைக்காரன்.
வாக்குச்சாவடியில் தருகிறார்கள்.

போன தடவை நாலையும் மடித்து
ஒரே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.
எது எந்த நாற்காலிக்கென்று கேட்கவில்லை.
விரல் மையை மட்டும்
பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் தெருமுனை மதகு இடிந்தது.
ஊக்கு வைத்து முடித்த பதினாறு ரவிக்கையோடு
சைக்கிளும் நானும் வாய்க்காலுக்குள்.
சாயம் ஏறிய பட்டு ஒன்றுக்கு
இன்னும் தவணை கட்டுகிறேன்.
அன்றிலிருந்து ஒரே கேள்வி:
மதகு யாருடையது?

ஊராட்சியில் சொன்னார்கள்:
"ரோடு ஒன்றியத்துது."
ஒன்றியத்தில் சொன்னார்கள்:
"ரோடு எங்களுது, அடியில போற வாய்க்கா எங்களுதில்ல."
நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில்
ஃபேனுக்கடியில் ஒருவர்:
"வாய்க்கா எங்களுதுதாம்மா.
மேட்டூர் மூடியிருக்கே. தொறக்கட்டும், பாப்போம்."

தேர்தல் வந்ததும்
மதகுக்கு ஒரே நாளில் ஏழு அப்பன்.
வார்டுக்கு நிற்கும் செல்லபாப்பா கட்டித் தருகிறாள்.
ஒன்றியத்துக்கு நிற்கும் உரக்கடை தெட்சிணாமூர்த்திக்குக்
கத்தரிக்கோல் சின்னம்;
"உங்க தொழிலையே சின்னமா வாங்கியிருக்கேன்" என்றார்.
என் கத்தரிக்கோலுக்குச் சாணை வைத்தே
ஆறு மாதம் ஆகிறது.
மாவட்டத்துக்கு நிற்பவர்
சுவரொட்டியில் மட்டும் வந்துபோனார்.

தலைவர் பதவி இந்தமுறை பெண்களுக்கு.
பூட்டு சாவி சின்னத்தில் தையல்நாயகி.
சுவரில் அவள் படம் தபால்தலை அளவு,
புருஷன் ரெங்கையன் படம் கதவளவு.

அவள்தான் வந்தாள், சாயந்திரம்,
மயில்கழுத்து நிறத்தில் துணியோடு.
"பதவிப் பிரமாணத்துக்கு" என்றாள்.
"ஓட்டே இன்னும் போடலியே?"
"அவங்க தைக்கச் சொல்லிட்டாங்க."
வெளியே புல்லட் உறுமிக்கொண்டு நின்றது.

திரையை இழுத்துவிட்டு
தோளில் டேப்பை வைத்தேன்.
பதினாலரை.
"அந்த மதகு யாருடையதுன்னு தெரியுமா?"

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்,
கைச்சுற்று அளவுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு:
"மதகு நீர்வளத்துறையுது. மேல போற ரோடு ஒன்றியம்.
நமக்கு வெளக்கு, குடிதண்ணி, சாக்கடை, குப்பை.
தலைவரால தீர்மானம் போட்டு
மேல அனுப்பத்தான் முடியும்.
அனுப்பிட்டுப் பின்னாலயே நடக்கணும்.
செக்குல ரெண்டு கையெழுத்து,
தலைவர் ஒண்ணு, துணைத்தலைவர் ஒண்ணு.
துணைத்தலைவரை நாம போடுறதில்ல,
வார்டு உறுப்பினருங்க போடுறாங்க.
அதனால வெள்ளைச் சீட்டை லேசா நெனைக்காதீங்க."

ஊசி கவ்விய வாயோடு நின்றேன்.
"இதையெல்லாம் மைக்கில சொல்லலாமே?"
"மைக்கு அவங்க கையில இருக்கு."
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
முதுகளவு எடுக்காமலே போய்விட்டாள்.

அன்று ராத்திரி வேனில்
ரெங்கையன் குரல் தெருவெல்லாம் மதகு கட்டியது.
பக்கத்தில் கைகூப்பியபடி அவள்.
தெருவிளக்கு எரியாததால்
முகம் தெரியவில்லை.

எதிர்த்து நிற்கும் அஞ்சம்மாளும் வந்தாள்,
தனியாக, நடந்து.
மதகைக் கேட்டேன்.
"தெரியலக்கா" என்றாள்.
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு,
"யாரைக் கேக்கணும்?" என்றாள்.
மூன்று அலுவலகத்தின் பெயரையும்
பில்புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

நாளைக்கு ஓட்டு.
வெள்ளை முடிவாகிவிட்டது; செல்லபாப்பா இல்லை.
பச்சைக்கு ஆளிருக்கிறது, கத்தரிக்கோல் இல்லை.
மஞ்சளுக்குப் பெயர்களை
இனிமேல்தான் படிக்கவேண்டும்.
இளஞ்சிவப்பு மட்டும்
அறிந்தவளுக்கும் கேட்டவளுக்கும் நடுவில் ஆடுகிறது.
எதில் குத்தினேனென்று
உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன்.

மயில்கழுத்து ரவிக்கையை
முதுகைக் கண்ணளவில் வெட்டித் தைத்து முடித்தேன்.
ஜெயித்தாலும் தோற்றாலும் கூலி நூற்றெண்பது.
உள்ளே, இரண்டு பக்கமும்,
கேட்காமலே
ரெண்டு விரற்கடை துணி விட்டிருக்கிறேன்.
பின்னால் இறுக்கினால்
அவளே பிரித்துக்கொள்ளலாம்.