நான்காவது கொடி

பாசிக்குடா ஹோட்டலில்
விரிகுடா நாடுகள் கூடுகிற நாளுக்குக்
கொடிகளை மினுக்குவது என் வேலை.
கைக்குட்டை அளவில் ஏழு.
இங்கிலீசு அகரவரிசை என்றார் மனேஜர்,
அப்படி வைத்தால்தான்
ஒருத்தருக்கும் மனத்தாங்கல் வராதாம்.
நான்காவது மியன்மார்.
ஆறாவது நாங்கள்.
நடுவில் நேபாளம்,
உப்புத்தண்ணி காணாத நாடு,
ஒரு சாண் மேசைவிரிப்பைப்
பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த ஒரு சாணைத்தான்
மச்சான் கிருபைராசா
இருபத்திரண்டு நாளில் கடந்தான்.

வாழைச்சேனைத் துறையில் ஐஸ் ஏற்றி
ஹயாத்து முதலாளியின் படகில் ஐந்து பேர்.
எட்டாம் நாள் எஞ்சின் செத்தது.
மறுகா கச்சான் தள்ளத் தள்ளக்
கிழக்கே, இன்னும் கிழக்கே.
ஒரே ஒரு தரம் தொலைபேசியில் சொன்னான்:
"பர்மாக்காரன்தான்கா கண்டான்.
கயிறு எறிஞ்சான், தண்ணி தந்தான்,
புளிச்ச மீன் போட்டுச் சோறு தந்தான்.
நம்மட சூரைக் கருவாட்டை மணந்து பாத்துச் சிரிச்சான்.
ஒரு சொல் விளங்கல்ல.
ஆனா எஞ்சின் மூடியத் திறந்ததும்
ரெண்டு பேரும்
ஒரே இடத்தத்தான் தொட்டம்."

கரைக்கு இழுத்து வந்த பிறகுதான்
சப்பாத்துக் காலோடு
நாடு வந்தது.

ஒன்பது மாதம்.
அக்கா யோகமலர் கொழும்புக்கு நாலு தரம் போய்வந்தாள்.
வெளிவிவகாரம் கடற்றொழிலைக் காட்டும்,
கடற்றொழில் தூதரகத்தைக் காட்டும்,
தூதரகத்து வாசலில் காவல்காரன்
கடிகாரத்தைக் காட்டுவான்.
மாதம் பிறந்தால் ஹயாத்து முதலாளி
அரிசி மூட்டையோடு ஓட்டமாவடிப் பாலம் கடந்து வருவார்,
படகும் இல்லை, வங்கிக் கடன் மட்டும் நிற்கிறது, என்றாலும் வருவார்.
பாலம் இருந்தும் ஆள் கடக்காத வருசங்கள் இருந்தன.
அதை அவரும் எடுப்பதில்லை,
அக்காவும் எடுப்பதில்லை.

"கடல் நம்மைப் பிரிப்பதில்லை"
என்றது மேடை.
பிரிக்கிறதில்லைத்தான், ஐயா.
எஞ்சின் செத்தால்
நேரே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

தேத்தண்ணி நேரம்.
நான்காவது கொடிக்காரர்
சீனி வேண்டாமென்று கையசைத்தார்.
கோப்பைத் தட்டின் கீழே ஒரு துண்டு வைத்தேன்:
படகின் இலக்கம், ஐந்து பெயர், ஒரு தேதி.
வேலை போகும் என்று தெரியும்.
கை நடுங்கிக் கொஞ்சம் தேத்தண்ணி
நேபாளத்தில் சிந்தியது.

வாசித்தார். நிமிரவில்லை.
பதினோராம் பந்தியில் ஒரு சொல்லுக்காக
இரண்டு நாடுகள் அரை மணித்தியாலம் இழுபட்டன;
"வேண்டும்" போய் "விரும்பத்தக்கது" வந்தது.
எல்லாரும் படம் பிடிக்கப் புல்வெளிக்குப் போனார்கள்.
கோப்பைகளைப் பொறுக்கும்போது
துண்டு அங்கேயே கிடந்தது.
பின்பக்கத்தில் அவருடைய பாஷையில்
பேனையால் ஒரு வரி.

வட்டம் வட்டமாய், சிங்களம் போல.
துறைமுகப் பொலிசில் பண்டார சாஜன்
கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
"எங்கட எழுத்தில்ல,
ஆனா சொந்தக்காரர் மாதிரி இருக்கு" என்றார்.
"எங்க மனே கிடைச்ச?" என்று
ஹயாத்து முதலாளி மூன்று தரம் கேட்டார்.
படம் பிடித்து
மலேசியாவிலிருக்கும் மருமகனுக்கு அனுப்பினார்.
அவனோடு கையுறைக் கம்பனியில்
ஒரு பர்மாப் பொடியன் வேலையாம்,
இரவு ஷிப்ட்,
விடிந்தால்தான் போனைத் தொடுவானாம்.

தேத்தண்ணிக்கு நன்றி என்றும் இருக்கலாம்.
என்னிடம் கேட்காதே என்றும் இருக்கலாம்.
ஒரு ஊரின் பெயராகவும் இருக்கலாம்.

அக்கா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு
முன்னால் இருக்கிறாள்.
இரண்டு சரி அடையாளம், இன்னும் சாம்பல் நிறம்.
துண்டை என்னிடம் தரமாட்டேன் என்கிறாள்.
விரலால் அந்த வட்டங்களை எண்ணுகிறாள்,
பதினேழு,
திரும்ப எண்ணினால் பதினெட்டு.