பெருவிரல்

லாரன்ஸ் பஸ் ஓடி முடிக்கிற தூரந்தான்
மால்டா என்கிற நாடு.
அதற்குள் நுழைய
முப்பத்தேழு பக்கம் நிரப்பினோம்.

வீட்டு ஒப்பந்தம் இருந்தால்தான் அனுமதி;
அனுமதி இருந்தால்தான் வீடு.
குகநேசன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஸ்காபரோவில், பல்மருத்துவருக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
பொலிஸ் சான்றிதழுக்கு விரல் வைக்கும் இடம்.
இருபது வருடம் ஹோட்டல் விரிப்புகளை வெளுத்த விரல்.
கருவி ஒளிர்ந்தது, அணைந்தது:
ரேகை இல்லை.
"கொஞ்சம் கிறீம் பூசிப்போட்டு வாங்கோ, அன்ரி"
என்றது பிள்ளை.

பூசினேன். அழுத்தினேன்.
ஐந்தாவது தரம்
பெருவிரலுக்கு மட்டும் வந்தது ஒரு கோடு.

விண்ணப்பத்தில் கடைசிக் கேள்வி:
இதற்கு முன் எந்த நாடாவது
உங்களுக்கு அனுமதி மறுத்ததுண்டா?

சின்னக் கட்டம்.
விரலில் கிறீம் இன்னும் வழுக்கியது;
பேனா பிடிபடவில்லை.