தொடுவாயில் மட்டம் பிடித்தல்

கடலின் பூச்சியம் எங்கே என்று
முதலில் தேட வேண்டியிருந்தது.
வட்டுவாகலில் மதகுச் சுவரில் வெட்டியிருந்த அம்புக்குறி
வரைபடத்தில் இருக்கிறது.
மதகு இல்லை.
முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டிலிருந்து
ஒன்றரை நாள்
மட்டத்தைத் தளும்பாமல் சுமந்து வந்தோம்,
நிரோஜன் தண்டோடும் நான் கருவியோடும்.
பிழை ஏழு மில்லிமீற்றர்.
அனுமதிக்கலாம்.

இந்தக் கரையில் வற்றும் பெருக்கும் பெரிதில்லை.
பறுவத்துக்கும் அமாவாசைக்கும் மூன்று சாண்,
நித்திரை கொள்பவரின் வயிறு மாதிரி.
கணக்கைக் கெடுப்பது காற்றுத்தான்.
தாழமுக்கம் வர,
கடலின் மேல் அழுத்திய கை சற்றே தளரும்;
ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று
எழும்பும் நீரை
வாடை பிடரியில் பிடித்துக் கரைக்குத் தள்ளும்.
அதே இரவு முத்தையன்கட்டு வான்கதவு திறந்தால்
பேராறு உள்ளே வந்து நிற்கும்.
ஒரே வாசல்.
போகும் தண்ணீரும் வரும் தண்ணீரும்
நேரம் பேசிக்கொண்டு வருவதில்லை.

தொடுவாய் மூடிக் கிடக்கிறது.
மணல் திட்டு: பூச்சியத்துக்கு மேல் ஒன்று தசம் நாலு.
சங்கத் தலைவர் செபமாலை வலையிலிருந்து கண்ணெடுக்காமல்,
"வெட்டினா வடியும் எண்டு நினையாதேங்கோ தங்கச்சி.
கடல் உயர நிக்கேக்க வெட்டினா
அது உள்ளுக்கு வாறதுக்கு நாங்களே
ரோட்டுப் போட்டுக் குடுத்த மாதிரி" என்கிறார்.
இதை நான் அறிக்கையில்
மூன்று பக்கச் சமன்பாடாக எழுதுவேன்.

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
இவ்வீட்டில் கண்ட அதிகபட்ச நீர்மட்டம்
(சுனாமி நீங்கலாக).
எமில்டா அக்கா தையல் மெசினைக் காட்டினார்.
போன மாரிக்கு மிதிபலகை மட்டும்.
அதற்கு முந்தின புயலுக்குச் சில்லின் அரைவாசி.
ஒன்பது, பத்து, பதினொன்று?
"அந்த மூண்டு மாரிக்கும் நாங்கள் இஞ்ச இல்லை.
செட்டிகுளத்தில. அங்க கூடாரத்துக்க வந்தது முழங்கால்.
அதையும் எழுதுங்கோவன்."
அது வேறு ஆற்றுப்படுகை அக்கா,
எங்கட கூட்டுக்குள் வராது.
"கால் என்ர தானே" என்றார்.

இரவு, அலுவலகக் கணினி.
அளவு விடுபட்ட இடமெல்லாம்
மைனஸ் ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது இடச் சொல்கிறது மென்பொருள்.
இட்டேன்.
வரிசை வரிசையாக ஆழத்துக்குள் இறங்கிப் போனது கடல்.
ஆபத்து என்பது
வெள்ளத்தை அங்கே இருப்பவரால் பெருக்கி வருவது.
இருப்பவர் பூச்சியம் என்றால்
எந்தக் கடலும் பூச்சியம்.
எனது அட்டவணையில் இந்தக் கரை
மிகப் பாதுகாப்பாக இருந்தது அந்த மூன்று வருசம்தான்.

மறுநாள் திரும்பப் போனேன்.
வீடு திரும்பிய போது
கதவோ கூரையோ இருக்கவில்லையாம்.
சுவரில் மட்டும் ஒரு கோடு,
ஆள் பார்க்காத தண்ணீர் வந்து நின்று
வடிந்து போன கோடு.
"எந்த மாரியெண்டு ஆருக்குத் தெரியும்?
நான் மேலால சுண்ணாம்பு அடிச்சிட்டன்."
சுரண்டலாமா என்று கேட்டேன்.
இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று தந்தார்.
யன்னலுக்குக் கீழே, நாலாம் படையில்,
மண்ணிறமாய் இருந்தது.
ஒன்று தசம் ஒன்பது இரண்டு.

திகதி இல்லாத அளவை
மென்பொருள் ஏற்காது.
கொப்பியில் பென்சிலால் எழுதினேன்.
நான் கருவியை மடிக்கும்போது அக்கா
மெசினின் கால்களுக்குக் கீழே
இன்னும் ஒரு கல் வைத்துக்கொண்டிருந்தார்.
ஒரு பக்கம் ஆடியது.
படிவத்தை நாலாய் மடித்துக் கொடுத்தேன்.

பாலத்தடியில் நிரோஜன் தண்டைப் பார்த்துக் கத்துகிறான்:
"அக்கா, நாப்பத்திரண்டு."
எழுதுகிறேன்.
"இல்லை, நில்லுங்கோ,
நாப்பத்திமூண்டு."