ஏழு எழுத்து

எழுத்துக்கு ஒரு நாழி கேழ்வரகு, அதுதான் பேச்சு.
புள்ளி வைப்பதில்லை நான்.
வேண்டுமென்றால் தனிக்கூலி.
தகடூரிலிருந்து வந்த ஓலைக்காரன்
தலையாட்டிவிட்டுப் புளிய நிழலில் படுத்துக்கொண்டான்.

பட்டவன் போத்தன், காடன் மகன்.
இருமத்தூர்த் துறையில், முழங்கால் நீரில்
முப்பத்திரண்டு மாடுகளை மடக்கித்
திருப்பி ஓட்டியவன்.
உடம்பை நான் பார்த்தேன். மூன்று அம்பு,
அதில் ஒன்று முதுகில்.
கல்லில் மூன்றையும் மார்புக்கு மாற்றினேன்.
அதற்குக் கூலி கேட்கவில்லை.

மாடு கவர்ந்தவன் பெயரையும் வெட்டு என்றது ஓலை.
சேந்தவிண்ணன்.
ஏழு எழுத்து, ஏழு நாழி.
அரசனுக்குத் தம்பி.

அப்பன் சாகும்போது பங்கு வைத்தானாம்.
மூத்தவனுக்கு முரசு, குடை, ஏரி,
ஏரிக்குக் கீழே நெல் விளையும் அத்தனையும்.
இளையவனுக்கு ஆற்றுக்கு வடக்கே ஒரு மலை.
மலை என்றால் பாறை.
பாறை இடுக்கில் கொஞ்சம் சாமை.
உச்சியில் ஏறி நின்றால்
அண்ணன் ஏரி மறுகால் போவது வரை தெரியும்.
அந்தக் காட்சியும் பங்கில் சேர்த்தியோ என்னவோ.

கள் ஏறினால் சொல்வானாம்:
'அரசன் மகன் நான். அரசன் தம்பி.
நாளை அரசனாகப் போகிற பொடியனுக்குச் சித்தப்பன்.
சுற்றிலும் அரசர்கள் நிற்கிறார்கள்,
நடுவில் ஒரு பள்ளம்.'

மலைமேல் தனக்கென ஒரு முரசு கட்டினான்.
ஓசை தகடூர் வரை கேட்டிருக்காது,
சேதி கேட்டது.
அண்ணன் ஆள் அனுப்பித் தோலைக் கிழித்தான்.
அடுத்த நிலவில் அண்ணன் மாடுகள் ஆற்றைக் கடந்தன.
தோலுக்குத் தோல் என்றானாம் தம்பி.

கல் நட்ட பத்தாம் நாள்
மேற்கே வேறொரு படை கிளம்பியதாகப் பேச்சு.
பயம் வந்தால் கூடப்பிறந்தது நினைவு வரும் போலும்.
ஆற்று நடுத்திட்டில் பந்தல் போட்டு
இருவரும் கட்டிக்கொண்டார்கள். அழுதார்கள் என்றும் சொன்னார்கள்.
அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்
போத்தன் விழுந்த துறை.

அதே ஓலைக்காரன் மறுபடி வந்தான்.
'அந்த ஏழு எழுத்தையும் எடுத்துவிடு.'

கல்லில் எடுப்பது என்று ஒன்றில்லை,
இன்னும் ஆழமாக வெட்டுவதுதான்.
ஏழு நாழி கேட்டேன், மூன்றுக்கு முடித்தான்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி மிஞ்சியது.
அதற்குப் பிறகு வரி தொடங்குகிறது:
'தொறுக் கொள்ள, மீட்டுப் பட்டான்.'
மாடுகள் தாமாகப் போயின போல.
இவன் தானாகச் செத்தான் போல.

படை மேற்கே போகையில் தம்பி குதிரையை நிறுத்தினான்.
'இங்கே என் பெயர் இருந்ததா?'
'இருந்தது.'
'முன்னால் அரசன் என்று வெட்டியிருந்தாயா?'
'இல்லை. வெறும் பெயர்தான்.'
'அப்படியானால் போகட்டும்.'
சிரித்தான். அண்ணனுடைய புழுதிக்குள்
குதிரையை விட்டான்.
திரும்பி வந்த குதிரைகளில் அதைக் காணோம்.

கொற்றி அமாவாசைக்கு அமாவாசை வருகிறாள்.
போத்தன் பெண்டாட்டி. எழுத்து அறியாள்.
கல்லின் தலையில் ஊற்றும் எண்ணெய்
வழிந்து வந்து குழியின் கீழுதட்டில் தங்குகிறது.
போன முறை அங்கே விரல் வைத்து,
'அவர் பெயர் இதுதானே?' என்றாள்.

போத்தன் பெயர் இரண்டு வரி மேலே இருக்கிறது,
நல்ல ஆழத்தில், என் கையால் வெட்டியது.
'ஆமாம்' என்றேன்.

மடியிலிருந்து ஒரு துணித்திரி எடுத்து
குழியில் போட்டு
ஏற்றினாள்.