தவணை நடை

நேர்ந்துகொண்டது ஒரே மூச்சில்.
ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் வராவிட்டால்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலிலிருந்து
தெலுக் பாஹாங் கடலோரத்து அம்மன் வரை
நடந்தே வருகிறேன் என்று.
வரவில்லை, பெயர்.
முழங்கால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தது.

மோட்டார் சைக்கிளுக்கு அறுபது தவணை,
குளிர்ப்பெட்டிக்கு இருபத்து நான்கு.
இவளுக்கு மட்டும் மொத்தமாய்க் கட்ட
எங்கே போவேன்?
வேலையில்லாத ஞாயிறாய்ப் பார்த்து
விட்ட இடத்துக்குப் பேருந்தில் போய் இறங்கி
விட்ட காலை எடுத்து வைத்தேன்.

தண்ணீர்மலைக்கு நேர்ந்திருந்தால்
தைப்பூசத்தில் மோர் கிடைக்கும்,
இடித்துக்கொள்ளத் தோள் கிடைக்கும்.
இது தீவின் முதுகு.
இந்தப் பக்கம் கடவுளுக்காக நடப்பவள்
நான் ஒருத்திதான் என்று
நாய்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

முதல் தவணை விமான நிலைய வேலியோரம்.
தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை இறக்க
நான் செருப்பை உதறி ஒரு கல்லை இறக்கினேன்.
இரண்டாவது, தெலுக் கும்பார்.
வலை அலசிக்கொண்டிருந்த சீனக் கிழவர்
ஜாகிங்கா என்றார்.
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.
அம்மன் பொறுக்கட்டும்.
மூன்றாவது நாள் மலைவளைவில் மழை.
நான்கு மின்கம்பம்தான் நடந்தேன்.
அதையும் கணக்கில் எழுதினேன்.

அடையாளம் வைப்பதுதான் பெரும்பாடு.
கல் வைத்தால் புல்வெட்டுகிறவன் எறிந்துவிடுகிறான்.
கம்பத்து எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்,
மருந்துச் சீட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில்.

ஐந்தாவது, வயல்வெளி.
அறுத்த தாளுக்குள் கொக்குகள் குனிந்து
பிசகு தேடின,
உருப்பெருக்கியடியில் எங்கள் வரிசையைப் போல.
அதற்கப்பால் ஒரு குடை, ஒரு பனிப்பெட்டி,
ஜாதிக்காய்ச் சாறு.
குடைக்குள் நோர்ஹயாத்தி.

பதினோரு வருஷம் என் இடப்பக்கத்து நாற்காலி.
பட்டியலில் பதினேழாவது பெயர்.

எங்கே இந்த வெயிலில் என்றாள்.
உன் பெயர் இருந்த தாளில்
என் பெயர் இல்லாததற்கு
நன்றி சொல்லப் போகிறேன்:
இதை மலாயில் எப்படிச் சொல்வது?
அந்த மொழியில்தான் எல்லாம் பேசியிருக்கிறோம்,
பிள்ளைக் காய்ச்சல், மாமியார் வாய்,
மேற்பார்வையாளரின் மூக்கு.

கோயிலுக்கு என்றேன்.
நேர்த்தியா?
ம்.
கேட்டது கிடைத்ததா?

குவளையில் பனிக்கட்டி விரிசல் விட்டது.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.
இரண்டு வெள்ளி ஐம்பது காசு வாங்கிக்கொண்டாள்,
மீதியை எண்ணிக் கொடுத்தாள்.
அவள் காசு வாங்கியது
எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று
யாரிடம் சொல்ல.
சிவப்பு முக்காலி ஒன்றைச் சாலையோரம் இழுத்துப் போட்டு
இங்கிருந்து ஆரம்பி, அடுத்த வாரம், என்றாள்.
இதை யாரும் எறியமாட்டார்கள்.

அடுத்த வாரம் முக்காலி இருந்தது.
குடை இல்லை.

தித்தி கெராவாங் ஏற்றத்தில்
முழங்கால் தன் பழைய வழக்கை எடுத்தது.
குரங்குகள் பாதுகாவலர்களைப் போல
பையைச் சோதித்தன.
கடைசித் தவணை முழுக்க இறக்கம்,
டுரியான் வாசம், அணைக்கட்டு,
பிறகு சட்டென்று உப்புக் காற்று.

பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியிருந்தது.
கம்பிக்குள் இருட்டில்
ஒரு விளக்கு இருக்கலாம், மூக்குத்தியாகவும் இருக்கலாம்.
கட்டி முடித்தேன் அம்மா என்றேன், பூட்டிடம்.
கடன் முடிந்தால் வங்கியில் ஒரு கடிதமாவது தருவார்கள்.
படகு ஒன்று கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழு வாரம் நடந்த வழி
பேருந்துச் சன்னலில்
மடமடவென்று பின்னால் சுருண்டது.
மலை இறங்கி வயல் தொடங்கும் இடத்தில்
தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
அதன் மேல் குடை நிழலா, மேக நிழலா?

மணிப் பொத்தான் மேல் விரல் இருந்தது.
ஓட்டுநர் அங்கே மெதுவாகத்தான் ஓட்டினார்.