காது

தட்டினாலே சொல்லிவிடுவேன்.
பழுத்தது என்றால், உள்ளே ஆளில்லாத ஓர் அறை.
காய் என்றால், நெற்றியில் சுண்டியது போல.
கனிந்து குழைந்தது ஈரச் சாக்கு; அதை நான் விற்பதில்லை.
அஸ்த்ரகானுக்குத் தெற்கே, வோல்கா கிளைகிளையாகப் பிரிந்து
நாணலுக்குள் காணாமல் போகும் இடத்தில்
சாலையோரம் எனக்குப் பன்னிரண்டு ஆகஸ்டுகள்.
என் விரலை நம்பி லாரிகள் சரத்தோவ் வரை போகின்றன.

சாவ்லேவுக்கு ஏழு மாதம்.
அவள் முன்னால் அந்த விரல் நடுங்குகிறது.

குல்ஷாரா தக்காளி ஆலைக்குப் போய்விட்டாள்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்:
‘இன்று கொடுக்கலாம். முதலில் பால், பிறகு பழம்.
கொஞ்சம் போதும். எதிரே உட்கார். போன் வேண்டாம்.’
போனுக்குக் கீழே இரண்டு கோடு.

பழத்தைக் கழுவினேன், வாழ்க்கையில் முதல்முறையாக.
தோலின் தூசியைக் கத்தி உள்ளே இழுத்துப் போகுமாம்.
மருந்தகத்து ஸொயா சொன்னாள்.
என்னைவிட ஆறு வயது சின்னவள், சிரிக்காமல் பேசுவாள்.
துப்பித் துப்பியே வளர்ந்தவன் நான்,
இன்று கத்தி முனையால் ஒவ்வொரு விதையாக நோண்டினேன்.
கறுப்பு முப்பத்தெட்டு.
கண்ணுக்குச் சிக்காத வெள்ளைப் பிஞ்சுகளை
விரல் நுனியால் தடவித் தேடினேன்.
பச்சைத் தோலோடு வெளிறிய சதையும் போயிற்று.
சதுரமாக வெட்டவில்லை;
தொண்டைக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும் அது.
நடுச்சதையில் கொஞ்சம் முள்கரண்டியால் மசித்தேன்,
பிடித்துக் கடிக்க என் நடுவிரல் நீளத்தில் ஒரு துண்டு.

நிமிர்த்தி உட்காரவைத்து வாரைப் பூட்டினேன்.
கால் தொங்காமல் இருக்க அடியில் கவிழ்த்த தக்காளிப் பெட்டி.

முதல் கரண்டிக்கு முகம் சுளித்தாள்,
யாரோ கடன் கேட்டது போல.
இரண்டாவதுக்குக் கரண்டியையே பிடுங்கினாள்.
பிறகு அந்தத் துண்டு:
முழங்கை வரை சிவப்பு, கழுத்து மடிப்பில் சிவப்பு,
எங்கிருந்தோ வந்த குளவிக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது.
அதை விரட்ட நான் துண்டை வீசிய நொடியில்

ஓக்களித்தாள்.
நாக்கு வெளியே, கண்ணில் நீர்,
முகம் பழத்தின் நிறம்.

கை அவள் வாய்க்குள் போகத் துடித்தது.
போகவிடவில்லை.
விரலை விட்டால் ஆழத்துக்குத் தள்ளிவிடுவாய் என்றிருந்தாள் ஸொயா.
‘சத்தம் வருகிறதா, சும்மா இரு. அவளே தள்ளிவிடுவாள்.
சத்தம் நின்றால்தான் உனக்கு வேலை.’
அந்த வேலையையும் பழக்கியிருந்தாள்,
நான் கொண்டுபோன நான்கு கிலோ பழத்தை
முன்கையில் குப்புறக் கிடத்தி, தலைப்பக்கம் தாழ்த்தி,
முதுகென்று வைத்துக்கொண்டு உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு.
மூன்றாவது தட்டில் என்னை மறந்து சொன்னேன்:
‘நல்ல பழம்.’
அன்றுதான் ஸொயா சிரித்தாள்.

காதை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.
எந்தச் சந்தையிலும் நான் இப்படிக் கேட்டதில்லை.
க்ஹ்.
க்ஹ்.
ஓர் இருமல், கந்தலானது, ஈரமானது,
உலகிலேயே அழகான ஓசை.
தட்டில் விழுந்தது ஒரு சிவப்புக் கட்டி,
என் சுண்டுவிரல் நகம் அளவு.
அதை அவள் உற்றுப் பார்த்தாள்.
எடுத்து மறுபடி வாயில் போட்டாள்.

நான் எழுந்து போய்
முகம் கழுவிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசை.
எழவே இல்லை. வார் பூட்டியது எனக்குத்தான் போல.

இரவு தூங்குகிறவளின் வயிற்றில்
ஒற்றை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன்.
என்ன கேட்டது என்று சொல்ல மாட்டேன்.

விடியற்காலை அணையாடையைப் பிரித்தவன்
அலறிவிட்டேன்: ‘ரத்தம்!’
குல்ஷாரா அரைத்தூக்கத்தில் எட்டிப் பார்த்தாள்,
மூக்கைச் சுருக்கினாள்,
‘நேற்று என்ன தின்றாள்?’ என்றாள்.
அவள் சிரித்த சிரிப்புக்கு
அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

பன்னிரண்டு வருஷம் இந்த நிறத்தைக்
கீறிக் கீறிக் காட்டி விற்றவனுக்கு
அடையாளம் தெரியவில்லை.

கடை திறக்க அன்று அரைமணி தாமதம்.