நான்கு விரற்கடை

பாயைச் சுருட்டுவது போலத்தான் வந்தது.
மண்வெட்டியால் ஓரம் கீறி
மொக்லேசூர் ஒரு முனையைப் பிடித்தார்,
நான் மறுமுனையை.
நைட் டியூட்டி யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

அடியில் வெறும் மணல்.
அகமதியில் இந்த வீட்டுக்கு வந்து
பதினோரு வருடம்.
காலையும் அந்தியும்
உவர்நீர்க் குழாய் திறந்து ஊட்டிய புல்
நான்கு விரற்கடைக்குக் கீழே
இறங்கியிருக்கவில்லை.
மொக்லேசூர் விரல் வைத்து அளந்து காட்டினார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனிக் கடிதம் ஒரே பத்திதான்:
மே முதல் புல்தரைக்குத் தண்ணீர் இல்லை.
செல்வின் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு
ஒரு வாரம் பிரிவுபசாரம் நடத்தினார்,
நாற்காலி போட்டு, காலை நீட்டி,
நாற்பத்தொரு டிகிரியில் டீ.
எதிர்வீட்டு ஹனாடி
பச்சைப் பிளாஸ்டிக் விரித்துவிட்டாள்.
மதியத்தில் அது ரப்பர் செருப்பு வாசம் அடிக்கும்.
அவள் பூனைகூட அதில் கால் வைக்காது.

நர்சரியில் எங்களுக்குக் கொடுத்தது
முப்பத்திரண்டு ட்ரே,
நோயாளி மணிக்கட்டுப் பட்டை மாதிரி
ஒவ்வொன்றிலும் ஒரு லத்தீன் பெயர்.
காரில் ஏற்றும்போதுதான் இலையைப் பார்த்தேன்.
ஓரத்தில் ரம்பப் பல்,
தீக்குச்சி முனையளவு பூ.
அட, பொடுதலை!
பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற சனியனுக்கா
நாற்பது தினார் அழுதோம் என்றார் செல்வின்.
அவர் தலையில் பொடுகுக்கு வேலையே இல்லை.

முதல் மாதம் செத்ததுபோலவே கிடந்தது.
ஒரு தூசிப்புயல், பிறகு இன்னொன்று.
வார்டில் சிலர் இருப்பார்களே,
மானிட்டரைப் பார்த்தால்தான் உயிர் தெரியும்,
அப்படி.
ஜூலையில் ஒரு கொடி
கணுவுக்குக் கணு வேர் குத்திக்கொண்டு
நடைபாதைக் கல்லைத் தாண்டியது.
அப்புறம் தேனீ.
எங்கிருந்து வந்ததோ.
செருப்பில்லாமல் இறங்கக் கூடாதென்று
செல்வின் வாசலில் எழுதி ஒட்டினார்,
மூன்று மொழியில்.

எனக்கு ஒரே ஒரு குறை.
ஏழரை மணிக்கு ஸ்பிரிங்க்ளர் சுற்றும்,
டிக் டிக் டிக் ஸ்ஸ்ஸ்,
அதைப் பிடித்துக்கொண்டுதான்
பகல் தூக்கத்துக்குள் இறங்குவேன்.
பொடுதலை சத்தம் போடாமல் வளர்கிறது.
விழித்துக் கிடக்கிறேன்.

வாரம் மூன்று நாள் வந்த மொக்லேசூர்
இனி மாதம் இருமுறை வந்தால் போதும்.
தண்ணீரைக் கணக்குப் போட்டபோது
இதைப் போட மறந்திருந்தோம்.
அன்று ஒரு சுருளை மட்டும் கேட்டார்.
குப்பைக்குத்தானே, எடுத்துக்கோங்க என்றேன்.

நேற்று போனில் காட்டினார்:
மஹ்பூலாவில் அவர் அறை வாசல்,
ஒரு கதவு அகலத்துக்குப் புல்.
ஐந்து பேர் தூங்கும் அறையின் ஏசி
அதன்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது.
கத்தரிக்கோலால் வெட்டுகிறாராம்.
வேர் எவ்வளவு ஆழம் என்று கேட்க வாயெடுத்தேன்.
படத்தைப் பெரிதாக்கினால்
ஓரத்தில் ஐந்து ஜோடி செருப்பு,
ஒன்றுகூடப் புல்லில் படாமல்.